மாசிமகத்துக்கும் மே மாதத்துக்கும் நடுவே ஒரு பனிச்சறுக்கு

“கூட்டம் சேர்ந்தா கோயிலும் சந்தைதான், கூட்டம் இல்லாட்டா...” என்று எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். பின்பாதி எனக்கு மறந்துவிட்டது. சந்தையும் கோயில் என்று முடியுமோ, வேறு எப்படியோ. டூர் நடத்துகிறவனுக்கு முன்பாதியே போதும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் இந்தத் தேசத்தில் மலை, கடல், அருவி எல்லாமே சந்தைதான். மே மாதத்தில் குடும்பத்தோடு எங்காவது போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்கள் ஒரு குடும்பத்தைக் கூட்டிப் போனீர்கள். நான் ஒரு பஸ் நிறையக் கூட்டிப் போனேன். மற்றபடி கஷ்டத்தில் நாம் பங்காளிகள்.

டெல்லியில் ஒரு டூர் கம்பெனியில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்துக்குத் திரும்பினேன். ஜங்ஷன் ரோட்டில் தண்டபாணி அண்ணன் திருப்பதிக்கும் சபரிமலைக்கும் பஸ் விட்டுக்கொண்டிருந்தார். அவர் கடையில் எனக்கு ஒரு மேஜை கிடைத்தது. சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக, ‘மணாலியில் பனிச்சறுக்கு’ என்று ஒரு தட்டி எழுதி வாசலில் வைத்தேன். வெள்ளைவெளேர் என்று மலையும் வரைய வைத்தேன். அண்ணன் அதை நின்று நிதானமாகப் படித்தார்.

“தம்பி, மழை பேஞ்சா நம்ம பஸ் ஸ்டாண்டுலயே ஜனங்க வழுக்கி வுழுவாங்க. அதுக்குப் போய் எவன் காசு குடுத்து அவ்ளோ தூரம் வருவான்?”

தேதி குறித்தது

வந்தார்கள். முதலில் வந்தவர் மாணிக்கம். செராமிக் எஸ்டேட்டில் பொம்மை செய்கிற யூனிட் வைத்திருந்தார். பிப்ரவரியில் போவோம் என்றேன். பனி முழங்கால் வரை கிடக்கும், கூட்டம் இருக்காது, ரூம் பாதி வாடகை. டெல்லியில் படித்த பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். மாணிக்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாசியில கொடி ஏறிடுமே சார்” என்றார். மாசிமகத்துக்குக் கொடி ஏறிவிட்டால் தேர் நிலைக்கு வரும் வரை ஊரைத் தாண்டி இராத் தங்கக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். “திட்டக்குடி போவலாம், சாயங்காலம் வூடு வந்துடலாம். மணாலி போயிட்டு சாயங்காலம் வந்துட முடியுமா?”

கொடிக்கு முன்னால் போகலாம் என்றால் அவர் சூளையில் தீ வைத்திருப்பார், நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. தேருக்குப் பிறகு என்றால் பரீட்சை. பரீட்சைக்குப் பிறகு என்றால் டீச்சர்களுக்கு விடைத்தாள் திருத்தம். சல்லடையில் சலித்து மிச்சம் நின்றது மே மாதம். பனி முக்கால்வாசி உருகிப்போய், மீதி கால்வாசியைப் பார்க்க இந்தியாவே வந்து நிற்கிற மாதம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அடுத்துப் பெயர் கொடுத்திருந்த ஸ்டெல்லா டீச்சர் சர்ச்சுக்குப் போகிறவராயிற்றே, அவரையாவது பிப்ரவரிக்குத் திருப்பி ஒரு கட்சி சேர்க்கலாம் என்று பேசிப் பார்த்தேன்.

“தேரன்னிக்கு எங்க தெருவே எங்க வூட்டுலதான் சார் குந்தியிருக்கும். நான் பூட்டிட்டு வந்துட்டா அவங்களுக்கெல்லாம் யாரு காப்பி போடறது?”

ஜமால் பாயின் லீவு

மங்கலம்பேட்டை ஜமால் பாய்க்கு மட்டும் மே மாதம்தான் வேண்டும். சவுதியில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. இந்தத் தடவை முதலாளியிடம் மல்லுக்கட்டி, மகளின் பள்ளிக்கூட லீவோடு பொருந்தும்படி வாங்கி வந்திருந்தார். மகள் நஸ்ரின் மூன்றாம் வகுப்பு. அவளுக்கு அப்பா என்பது சவுதியிலிருந்து பேசிப் பதிந்து அனுப்பும் கேசட்டில் வருகிற குரல். அந்தக் குரல் தாடியும் மீசையுமாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். சோறு வேண்டுமா என்று இவர் கேட்டால், “வேணாமாம்னு அவங்ககிட்ட சொல்லும்மா” என்று பதில் வருமாம். டூர் முடிந்து டெல்லியிலிருந்து அவர் அப்படியே பம்பாய் போய் விமானம் ஏறவேண்டும். மனைவி ஹாஜிராவும் மகளும் எங்களோடு ஊர் திரும்புவார்கள்.

பனியைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. உயரம், குளிர், ரூமில் சுடுதண்ணீர் எதுவும் கேட்கவில்லை. என் எதிரே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“நான் கெளம்பறதுக்குள்ள அவ என்கிட்ட நேரா ஒரு பேச்சு பேசிட்டா போதும் சார். வூட்டுல ஒளியறதுக்கு அவளுக்கு நூறு இடம் இருக்குது. பனியில ஒளிய இடம் இருக்காதுல்ல?”

ஒத்திகை

மாணிக்கத்துக்கு எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்யப் பிடிக்காது. அவர் யூனிட்டுக்குப் பின்னால் மூட்டை ஏற்றுவதற்காக ஒரு சரிவு மேடை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச்சொல்லி, அச்சில் ஊற்றுகிற களிமண் கூழை அதன்மேல் குடம் குடமாகக் கொட்டினார். ஈரக் களிமண்ணில் விழாமல் நடப்பது மாணிக்கம் குடும்பத்துக்குப் பரம்பரை வித்தை. “உடம்பைப் பின்னால சாய்ங்க! குதிங்காலை அழுத்துங்க!” என்று அவர் கத்தக் கத்த, ஒவ்வொருவராகச் சறுக்கி இறங்கினார்கள். முதலில் விழுந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் யாருமே விழவில்லை. ஜமால் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி மறுபடி ஏறினார். நஸ்ரின் மட்டும் கவுன் அழுக்காகும் என்று சுவரோரம் நின்றுவிட்டாள். இவர் கீழே வந்து சேரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் கைதட்டினேன். டெல்லியில் இருந்த காலம் முழுக்க அடுத்தவர்களைச் சறுக்க அனுப்பிவிட்டுக் கீழே பில்லோடு நின்றவன் நான். எனக்கு என்ன தெரியும்? தலை முதல் கால் வரை வெள்ளையாகக் கிடந்த ஸ்டெல்லா டீச்சர் எழுந்து உட்கார்ந்தார்.

“மாணிக்கண்ணே, என்னை இப்படியே தூக்கி சூளையில வெச்சுடுங்க. கொலுவுக்கு ஆவேன்.”

வேகாத அரிசி

சமையலைப் பார்த்துக்கொள்ளத் தண்டபாணி அண்ணனும் வந்தார். சபரிமலைக் கூட்டத்துக்கே சமைத்தவருக்கு இது எம்மாத்திரம் என்று ஊரிலிருந்தே பொன்னி அரிசியும் அடுப்பும் ஏற்றிக்கொண்டார். மணாலி வரை சோறு ஒழுங்காகத்தான் வந்தது. பனி பார்க்கப் போகிற அன்று, மேலே ஏறும் வழியில் வண்டிகளை நிறுத்துகிற இடத்தில் அடுப்பை மூட்டினார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அரிசி மட்டும் போட்டது போட்டபடி கிடந்தது. அவ்வளவு உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் சூடு போதாது என்று விளக்கினேன். அண்ணன் கரண்டியால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். கல்.

“ஊரே லீவுல வந்திருக்குதுன்னு இந்த அரிசியும் லீவு போட்டுடுச்சு தம்பி. பிரெட்டு எங்க கிடைக்கும்னு கேளு.”

வண்டி வரிசை

பிரெட்டைத் தின்று மேலே கிளம்பிய ஜீப்புகள் நாலாவது வளைவிலேயே நின்றுவிட்டன. எங்களுக்கு முன்னால் வளைவு வளைவாக ஜீப்புகள், பின்னாலும் அப்படியே. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் இந்தியாவின் எல்லாப் பள்ளிக்கூடங்களும். வாடகைக்கு எடுத்த ரோமக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு ஜனங்கள் ரோட்டில் இறங்கி, வேர்க்கடலை கொறித்தார்கள், அந்தாக்ஷரி பாடினார்கள், பிள்ளைகளை அடித்தார்கள். மாணிக்கம் தம் கோட்டுப் பையில் கைவிட்டபோது முன்னால் போட்டவர் விட்டுப்போன பாதி பிஸ்கட் பாக்கெட் கிடைத்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு எனக்கும் ஒன்று கொடுத்தார்.

வகுப்பறையை மறக்க இவ்வளவு தூரம் வந்த ஸ்டெல்லா டீச்சர் ஒரு பாறைமேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இரண்டு ஜீப் தள்ளி நின்ற குடும்பத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கருவேப்பிலங்குறிச்சிப் பெண். அவரிடமே பத்தாவது படித்தவள்.

“டீச்சர்! கணக்குல என்னைப் பாஸ் பண்ண வுட்டுடுவாங்களா டீச்சர்?”

தட்டியில் இல்லாத பனி

மத்தியானம் போலீஸ்காரர் வந்து, இனி மேலே வண்டி விடமாட்டோம் என்றார். மேலே பனி கிடக்கிற கணவாயில் இடம் இல்லையாம். மறுநாள் காலையில் நாங்கள் டெல்லிக்குக் கிளம்பவேண்டும். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஜமால் பாய் ஜீப்பின் பின்பக்கம் போய்த் தனியாக நின்றார். ஹாஜிராவின் மடியில் நஸ்ரின் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒளிய ஒரு ஜீப் போதும் போலிருந்தது.

டிரைவரைத் தனியே கூப்பிட்டு ஹிந்தியில் கெஞ்சினேன். அவர் மோவாயைச் சொறிந்துகொண்டு, ரோட்டை விட்டு மேலே ஒரு ஓடைப் பள்ளத்தில் வெயில் படாமல் கொஞ்சம் பனி தங்கியிருக்கும் என்றார். பாதை கிடையாது, கல்லும் செங்குத்தும்தான். அழைத்துப் போனேன். முட்டி வலிக்காரர்கள் தண்டபாணி அண்ணனோடு ஜீப்பில் தங்கிவிட, மற்றவர்கள் நாலு காலால் ஏறினார்கள். சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு விடும் மலைக்காரர் ஒருவர், கீழே வியாபாரம் இல்லாமல் நின்றவர், கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். மேலே போய்ப் பார்த்தால், நம் வீட்டுக் கொல்லை மாதிரி இரண்டு மூன்று கொல்லை அகலத்துக்குப் பனி. மேலெல்லாம் மண்ணும் சருகும். மாணிக்கம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

“சார், தட்டியில வெள்ளையால்ல போட்டிருந்தீங்க?”

பின்னால் சாய்ந்தவர்கள்

முதலில் மாணிக்கம்தான் கட்டை கட்டிக்கொண்டார். மலைக்காரர் தம் உடம்பை முன்னால் வளைத்து, முழங்காலை மடக்கிக் காட்டினார். மாணிக்கம் தலையாட்டிவிட்டு, ஊரில் பழகியபடி பின்னால் சாய்ந்து குதிங்காலை அழுத்தினார். கட்டைகள் முன்னால் ஓடின, மாணிக்கம் அங்கேயே மல்லாந்தார். அடுத்தது ஸ்டெல்லா டீச்சர், அதே மல்லாக்கு. அவர் வீட்டுக்காரர், அதே. கையை விரித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து, ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் போல வரிசையாக விழுந்தார்கள். மலைக்காரர் என் காதருகே வந்து ஹிந்தியில் கேட்டார்: “இவங்க எல்லாம் ஒரே குடும்பமா சாப்? எங்கெங்க இருந்தோ வந்து விழுறவங்களைப் பார்த்திருக்கேன். இப்படிப் பேசிவெச்சு விழுறவங்களைப் பார்த்ததில்லை.”

ஒத்திகை பார்க்காத ஒரே ஆள் நஸ்ரின். குளிரில் தூக்கம் கலைந்து நின்றவளை மலைக்காரர் சின்னக் கட்டைகளில் ஏற்றினார். அவள் அவர் காட்டியதைப் பார்த்தாள், அப்படியே குனிந்தாள், சொய்ங் என்று கீழே போய் நின்றாள். எல்லோரும் கூச்சல் போட்டோம். மறுபடி ஏறினாள், மறுபடி போனாள். மூன்றாவது தடவை அவள் கீழே நிற்கும்போது மேலே ஜமால் பாயின் முறை. பாலைவனத்தில் லாரி ஓட்டுகிற மனுஷன், களிமண்ணில் அத்தனை சிரத்தையாகப் படித்ததை மறப்பாரா? பின்னால் சாய்ந்தார், மல்லாந்தார். எழுந்தார். சாய்ந்தார், மல்லாந்தார். கீழேயிருந்து ஒரு குரல் கிளம்பியது.

“அத்தா! பின்னால சாயாதீங்கத்தா! முன்னால குனிங்க! எத்தினி தடவை அவரு காட்டறாரு, பாக்கவே மாட்டீங்களா?”

ஹாஜிரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜமால் பாய் எழுந்திருக்கவில்லை. மகள் கட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திட்டிக்கொண்டே மேலே ஏறி வருவதைப் படுத்தபடியே பார்த்தார். வந்தவள் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த உடம்பு அவ்வளவு லேசில் எழுந்துவிடுமா? அவர் வேண்டுமென்றேதான் கனத்தார் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். பக்கத்தில் போய்க் குனிந்த என்னிடம், தாடியில் பனியும் மண்ணுமாக, ரகசியம் போலச் சொன்னார்.

“திட்டறா சார். கேட்டீங்களா? என்னைத்தான் சார் திட்டறா!”

அடுத்த தேதி

டெல்லி ஸ்டேஷனில் ஜமால் பாய் பம்பாய் ரயில் ஏறினார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நஸ்ரின் கடைசி வரை முன்னால் குனிவது எப்படி என்று அவருக்குப் பாடம் நடத்தினாள். ரயில் நகர்ந்தபோதும் கூடவே கொஞ்ச தூரம் ஓடிச் சொன்னாள்.

நாங்கள் ஊருக்குத் திரும்பும் ரயிலில் அடுத்த டூர் தேதிப் பேச்சு தொடங்கிவிட்டது. கொடி ஏறுவதற்கு முன்னால் வையுங்கள், சூளையை நான் தள்ளிப்போடுகிறேன் என்றார் மாணிக்கம். ஸ்டெல்லா டீச்சர் மே மாதம்தான் சௌகரியம், ஆனால் என்னிடம் படித்தவர்கள் வராத மலையாகப் பாருங்கள் என்றார். மேல் பெர்த்தில் படுத்திருந்த தண்டபாணி அண்ணன் போர்வையை விலக்காமலே கேட்டார்: “அரிசி வேவற ஊரா பாத்து வெக்க மாட்டியா தம்பி?”

அடுத்த பனி டூருக்கு, ஜமால் பாய்க்கு எப்போது லீவு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தேதி போடுவது என்று முடிவு செய்தேன்.