பாலத்தில் நிறுத்திய கார்

ஆம்பூரில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடைக்கு, தோல் பதனிடும் டேனரிக்கு லீவான வெள்ளிக்கிழமைகளில் அவர் வருவார். நெடிய மனிதர். நகக்கண்களில் தோல் சாயத்தின் பழுப்பு ஏறியிருக்கும். எந்த மானிட்டரைப் பார்த்தாலும் முதலில் கைக்குட்டையால் அதைத் துடைப்பார். பெயரை நான் கேட்டதில்லை.

ஒருநாள், கேம் விளையாட எந்த கிராபிக்ஸ் கார்டு நல்லது என்று கேட்டார். ஒரே விலையில் இரண்டு இருந்தன. இரண்டையும் இரண்டு கம்ப்யூட்டர்களில் மாட்டி, ஒரே கார் பந்தயத்தைப் போட்டு, அவரையே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். முதல் கார்டில் கார் பறந்தது. இரண்டாவதில் திக்கித் திக்கித்தான் போனது. ஆனால் பாலத்துக்குக் கீழே ஆற்றில் அலை அசைந்தது, தண்ணீரில் வானம் தெரிந்தது.

அவர் காரைப் பாலத்தின்மேலேயே நிறுத்திவிட்டார்.

“இதையே குடுப்பா.”

“அண்ணே, இதுல ஸ்பீடு கம்மி. ரேஸ் ஓட்னா பேஜாராயிடும்.”

“நான் எங்க ஓட்டப் போறேன்? வூட்டு ஜன்னலத் தொறந்தா பாலாறுதான். எத்தினி வருசமா பார்த்துனு இருக்கேன், வெறும் மணலு.”

அப்புறம் அவர் கடைப்பக்கம் வரவில்லை. இப்போதும் பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது அவர் நினைவு வருகிறது. மற்ற கார்களெல்லாம் எப்போதோ பந்தயத்தை முடித்திருக்கும். அவருடையது இன்னும் அந்தப் பாலத்தின்மேல்தான் நிற்கும்.