அத்தானின் முழங்கை

என் அத்தான் பல் டாக்டர். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் என்னிடம் மூச்சுவிடாமல் பேசிய ஒரே விஷயம் கோல்ஃப். நான் மின்சாமான் கடை வைத்திருப்பவன். விளக்கு, விசிறி, ஒயர் என்று நிம்மதியாக இருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்த மைதானத்தில் நிறுத்தினார். கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் பந்தை அழகாக அடித்துவிட்டு, கடைசியில் காலடியில் இருக்கிற குழிக்குள் அதை உருட்டத் தெரியாமல் பெரிய மனிதர்கள் தலையில் கைவைத்துக்கொள்ளும் ஆட்டம் அது. இதற்குச் சந்தா வேறு.

அத்தான் நன்றாகவே ஆடுவார். போன வருஷம் வரைக்கும். ஒரு சனிக்கிழமை, பந்து குழிக்கு ஒரு எட்டு தள்ளிக் கிடந்தது. குழந்தைகூட உருட்டிவிடும். அத்தான் குனிந்தார், மூச்சை அடக்கினார், மட்டையை மெல்லப் பின்னால் கொண்டுபோனார். திரும்பி வரும்போது அவருடைய வலது மணிக்கட்டு வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டியது. பந்து குழியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தப் பக்கம் ஓடிவிட்டது.

இது யாருக்கும் நடக்கிறதுதான். ஆனால் அன்றைக்கு எங்களோடு ஆடியவர் ஒரு வக்கீல். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு, அதுதான் தொல்லை.

"டாக்டர், வர்ற வாரம் என் கடைவாய்ப் பல்லுல வேலை பாக்கப்போறது இதே கைதானா?" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், என் வாயில் மண்ணைப் போட. அத்தானும் சிரித்தார். அடுத்த குழியில் மறுபடி அதே வெட்டு. அதற்கடுத்ததிலும். அப்போது யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

அத்தானிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த கோல்ஃப் கிளப் ஆட்கள். வக்கீல் முதலில் தன் பல் வேலையைத் தள்ளிப்போட்டார். அப்புறம் மற்றவர்களும் ஒவ்வொருவராக. கிளினிக்கின் முன்னறையில் போனை எடுக்கிறவள் என் அக்கா. "வெளியூர் போறாராம்", "பேரனுக்குக் காய்ச்சலாம்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பாள். வேலை இல்லாததால் காத்திருப்பு அறை நாற்காலிகளைத் துடைத்தாள். உட்காராத நாற்காலியில் அழுக்கு ஏது? இருந்தும் துடைத்தாள்.

"விளையாடறதை விட்டுத் தொலைங்களேன்" என்றாள் ஒரு நாள்.

"விட்டா கை நடுங்குதுன்னு நானே தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும். கை போச்சுன்னு பேர் வந்துட்டா பல் டாக்டருக்கு அப்புறம் என்ன மிச்சம்? அவங்க கண்ணு முன்னாடி நான் பந்தை உள்ள போடணும். வேற வழியில்ல."

அத்தான் தனக்குத் தெரிந்த நரம்பு மருத்துவரிடம் போய்க் காட்டினார். அவர் ஊசியால் குத்திப் பார்த்து, விரலை ஆட்டச் சொல்லிப் பார்த்து, "உங்க கையில ஒரு குறையும் இல்ல. இந்த ஆட்டக்காரங்களுக்கு வர்றதுதான். பிரச்சினை தலைக்குள்ள இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல சேதிதான். ஆனால் அதை எப்படி வெளியே சொல்வது? டாக்டருக்குக் கையில் ஒன்றுமில்லை, தலையில்தான் கோளாறு என்று போர்டா எழுதி மாட்ட முடியும்?

அப்போதுதான் ஆர்ம்லாக் வந்தது. பந்தை உருட்டும் மட்டையின் பிடி வழக்கத்தைவிட நீளமாக இருக்கும். அதை இடது முன்கையோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மட்டையும் கையும் ஒரே கட்டையாகிவிடும், மணிக்கட்டுக்கு வேலையே கிடையாது. வேலையில்லாத மணிக்கட்டு எப்படி வெட்டும்? அத்தான் ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு அன்றைக்கே ஒன்று வரவழைத்தார்.

முதல் சில நாட்கள் கண்றாவி. பழைய பழக்கத்தில் பிடித்ததால் பந்து உருளாமல் தவளை மாதிரி துள்ளியது. பிடியை நன்றாக முன்னால் சாய்க்க வேண்டுமாம், தோளால்தான் ஆட்ட வேண்டுமாம். வீட்டுக் கூடத்துக் கம்பளத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்துப் போட்டுப் பழகினார். அக்கா அந்த டம்ளரைத் தேடித் தேடி அலுத்துப்போய் புதிதாக ஒன்று வாங்கினாள். கிளினிக்கில்தான் ஆள் வராதே, அங்கேயும் பழகினார். ஒரு நாள் பல்வலியோடு உள்ளே வந்த அம்மாள் ஒருத்தி, கையோடு சேர்த்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்து, "ஐயையோ, கை முறிஞ்சிடுச்சா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வலியைக்கூட மறந்து திரும்பிப் போய்விட்டாள். மானம் கப்பலேறியது.

அந்தச் சமயத்தில்தான் கிளினிக்கின் உள்ளறையில் மூலை விளக்கைச் சரிசெய்ய என்னைக் கூப்பிட்டார்கள். அத்தான் ஒரு முதியவருக்குப் பல் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஏணியில் நின்றபடி பார்த்தேன். அவர் முழங்கை விலா எலும்போடு ஒட்டியிருந்தது. மோதிர விரல் பக்கத்துப் பல்லின் மேல் ஊன்றியிருந்தது. மற்ற விரல்கள்தான் வேலை செய்தன. கை கல்லு மாதிரி நின்றது.

"இப்படித்தான் எப்பவும் பிடிப்பீங்களா?"

"கையை அந்தரத்துல வச்சு வேலை பாக்கறவன் பல் டாக்டரா? முழங்கையை ஒட்டு, விரலை ஊன்று. முதல் வருஷத்துலயே அடிச்சுச் சொல்லிக்குடுத்துடுவாங்க. இப்ப நானே நினைச்சாலும் எடுக்க வராது" என்றார்.

நான் ஒயரை முறுக்கி விளக்கை மாட்டினேன். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

ஆர்ம்லாக் கைகொடுத்தது. சும்மா சொல்லக்கூடாது, பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. கிளப் கோப்பைக்கான போட்டியில் அத்தான் ஒவ்வொருவர் மூக்காக உடைத்துக்கொண்டே போனார். முன்னறைப் போனும் மெல்ல அடிக்க ஆரம்பித்தது. கடைசி ஆட்டம் வக்கீலோடு. பார்க்க கிளப்பே திரண்டு வந்தது. கோப்பையைப் பார்க்க வந்தவர்கள் கம்மி, கையைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். வக்கீலின் கன்னம் லேசாக வீங்கியிருந்தது. மனிதர் மாத்திரையை விழுங்கிவிட்டு ஆடினார்.

கடைசிக் குழி வரைக்கும் இருவரும் சமம். வக்கீல் ஆடி முடித்துவிட்டார். அத்தான் பந்தை உள்ளே போட்டால் கோப்பை அவருக்கு. பந்து குழிக்கு ஒரு எட்டு தூரத்தில், அந்தச் சனிக்கிழமை கிடந்த அதே மாதிரி கிடந்தது.

அத்தான் குனிந்தார். அசையாமல் நின்றார். மட்டை போனது, வந்தது, பந்து குழிக்குள் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து மரத்துக் காக்கைகள் பறந்தன.

"ஒரு நிமிஷம்" என்றார் வக்கீல்.

விதி என்னவென்றால், மட்டையைக் கையோடு ஒட்டலாம், ஆனால் அந்தக் கையை உடம்போடு ஒட்டி ஊன்றக் கூடாது. அத்தானின் முன்கை முழங்கையிலிருந்து வயிற்றோடு பசைபோட்ட மாதிரி ஒட்டியிருந்ததாம். வக்கீல் பார்த்தாராம். நானும் பார்த்தேன். எல்லோரும்தான் பார்த்தோம். கை நடுங்குமா என்று உற்றுப் பார்த்த கண்களுக்கு வேறெது தப்பும்?

கிளப் செக்ரட்டரியைக் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர், யாருக்கும் மனம் நோகக்கூடாது என்று நினைக்கிறவர்.

"டாக்டர், தெரியாம பட்டிருந்தா தப்பே இல்ல. வேணும்னே அழுத்தி ஊன்றியிருந்தாத்தான் இந்தக் குழி அவருக்குப் போகும், கூடவே கோப்பையும். நீங்க சொல்றதை நாங்க ஏத்துக்கறோம். கை தானாவா போச்சு, நீங்களா வச்சீங்களா?"

தப்பிக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டார் புண்ணியவான். "தானாப் போச்சு" என்று சொன்னால் போதும், கோப்பை அத்தானுடையது. நான் வாயைத் திறந்து எடுத்துக் கொடுக்கப்போனேன். அத்தானின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அவர் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது யாருடையதோ மாதிரி. சத்தியமாகச் சொல்கிறேன், அது அங்கே போனது அவருக்கே தெரியாது. பயத்தில் அது தனக்குத் தெரிந்த இடத்துக்குப் போய் ஒண்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

பிறகு அவர் சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். எல்லாம் அவரிடம் வாயைத் திறந்து காட்டிய முகங்கள். கை தானாகப் போனது என்று அந்த முகங்களுக்கு முன்னால் எந்தப் பல் டாக்டர் சொல்வான்?

"நானாத்தான் வச்சேன்" என்றார். "என் கை நான் வைக்காத இடத்துக்குப் போகாது."

ஒரு முணுமுணுப்பு எழுந்தது. செக்ரட்டரி தலையைக் குனிந்துகொண்டார். கோப்பை வக்கீலுக்குப் போனது. திரும்பும்போது காரில் நான் கத்தினேன். "உங்களுக்கென்ன பைத்தியமா அத்தான்? ஏமாத்துக்காரன்னு பேர் வாங்கிட்டு வர்றீங்க!"

"வாங்கினா என்ன? ஏமாத்துக்காரன்கிட்ட பல் காட்டுவாங்க மாப்ள. நடுங்கறவன்கிட்ட காட்ட மாட்டாங்க" என்றார்.

அடுத்த வாரமே வக்கீல் வந்தார், ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி உப்பிப்போய். திரும்பிப் போகும்போது வண்டி ஓட்ட ஆள் வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் சாய்ந்ததும் தன் நகைச்சுவையை அவிழ்த்துவிட்டார்.

"டாக்டர், நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் கனவுலயும் நினைக்கல. ஆனா ஒண்ணு. அவ்வளவு பேர் பாக்கும்போது துணிஞ்சு திருட்டாட்டம் ஆடணும்னா கை இரும்பா இருக்கணும். அதான் தைரியமா வந்துட்டேன்."

அத்தான் அவர் வாயில் பஞ்சை வைத்துவிட்டு ஊசியை எடுத்தார். முழங்கை விலாவோடு போய் ஒட்டியது. மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியது. வக்கீலின் கண் மெல்லக் கீழே இறங்கி அந்த முழங்கையில் நின்றது. எதையோ சொல்ல வந்தார், வாய் நிறையப் பஞ்சு.

"இங்க ஒட்டலாம் சார், அபராதம் கிடையாது. இன்னும் கொஞ்சம் திறங்க" என்றார் அத்தான்.

முன்னறையில் போன் ஓயாமல் அடித்தது. அதை எடுப்பதற்கு நடுவில் அக்கா என்னிடம், "அவர் ஏமாத்தியிருக்க மாட்டார்டா. ஆனா என்கிட்டயும் 'நானாத்தான் வச்சேன்'னே சாதிக்கிறார். பொண்டாட்டிகிட்டயாவது உண்மையைச் சொல்லலாம் இல்ல?" என்றாள்.

அத்தான் இன்னமும் விளையாட வருகிறார். ஆர்ம்லாக்தான், ஆனால் கையை உடம்பிலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடிக்கிறார். அவர் குனியும்போதெல்லாம் வக்கீலும் குனிந்து, முழங்கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறார். அந்தரத்தில் நிற்கும் அந்தக் கை தோளிலிருந்தே நடுங்குகிறது. பந்து எங்கெங்கோ ஓடுகிறது. யாரும் கன்னத்தைத் தடவிக்கொள்வதில்லை, யாரும் பல் வேலையைத் தள்ளிப்போடுவதுமில்லை.

போன சனிக்கிழமை ஒரு எட்டு தூரத்தில் தவறவிட்டார். வக்கீல் பக்கத்தில் போய் அவர் தோளில் தட்டினார்.

"பரவாயில்ல டாக்டர். நேர்மையா ஆடணும்னு எவ்வளவு கஷ்டப்படறீங்கன்னு எங்களுக்குத் தெரியுது. கையே நடுங்குது பாருங்க."

"ஆமா சார்" என்றார் அத்தான்.