பேய்க்காற்றில் பறவைமுத்து

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் கோபப்பட மாட்டேன். இதே கதையை வேறு யாராவது என் கடைக்கு வந்து சொல்லியிருந்தால் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே நானும் சிரித்திருப்பேன். பேய், காத்துக்கருப்பு என்று எவன் பேசினாலும் அவனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைக்கிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது, அங்கேயும் பிசாசு பற்றிப் பிரசங்கம் வந்தால் எனக்குக் கண் சொருகிவிடும். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில், ஆகாயத்தில்.

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவில் ரத வீதியில் தையல் கடை வைத்திருந்தேன். ஒருநாள் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று வந்த சண்முகையா அண்ணாச்சி என்பவர் ஒரு பெரிய துணிச் சுருளோடு வந்து, கிழிசல் தைக்க வேண்டும் என்றார். விரித்தால் கடையும் போதவில்லை, வாசலும் போதவில்லை. என்ன துணி இது, சாமியானாவா என்று கேட்டேன். றெக்கை என்றார். அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் இதை மாட்டி, அடியில் வாரில் தொங்கிக்கொண்டு, குன்றில் இருந்து ஓடிக் குதித்தால் இன்ஜின் இல்லாமலே பறக்கலாமாம். வடக்கே வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டாராம். தைத்துக் கொடுத்ததற்குக் கூலி வேண்டாம், என்னை ஒருதரம் பறக்க விடுங்கள் என்று கேட்டேன். அந்த ஒருதரம்தான் வினை. அதற்குப் பிறகு கடையில் உட்கார்ந்தாலும் மனசு கூரைக்கு மேலேயே இருந்தது. தீபாவளித் துணிகூட தாமதமாகி, என் வீட்டுக்காரி ரோஸ்மேரி அந்த றெக்கையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆனால் ஒரு குறை இருந்தது. குருவிகுளம் பக்கத்து மொட்டைப் பாறையில் இருந்து எத்தனை முறை குதித்தாலும் சறுக்கிக் கீழேதான் வந்தேனே தவிர, ஒரு தடவைகூட மேலே ஏறவில்லை. சூடான காற்று தரையில் இருந்து எழும்பும், அதற்குள் புகுந்தால் பருந்து மாதிரி சும்மா நின்றே ஏறலாம் என்பார் அண்ணாச்சி. அதற்கு நல்ல வெயில் வேண்டும், உச்சி வேளை வேண்டும். பங்குனியில் அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்து, றெக்கையோடு புறப்படத் தயாராகிவிட்டார். கடைசி ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். அன்றைக்கு ஏறாவிட்டால் என் ஆயுசுக்கும் இல்லை என்று கோயிலுக்குக்கூட போகாமல் பாறைக்குப் போனேன்.

பாறையடியில் கரிசல் காட்டில் பெண்கள் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயிலில் திடீரென்று சுழன்று எழும்புமே புழுதித் தூண், அதை எங்கள் பக்கம் பேய்க்காற்று என்பார்கள். அண்ணாச்சி அதைக் கண்டால் துள்ளுவார், சூடான காற்று ஏறுகிற இடம் அதுதானாம். அவர் காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்த பேச்சியம்மாள் என்கிற பெண், என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். பேய்க்காற்றை என்றதும் மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"அது வரும்போது யாரையும் பேரு சொல்லிக் கூப்டாதிய அண்ணாச்சி," என்றாள் பேச்சியம்மாள். "காத்து பேரத் தூக்கிட்டுப் போயிரும்."

நான் மேலே போனதும் இடம் வலம் சொல்லிக் கீழே இருந்து கத்த வேண்டியவர் அவர், பேர் சொல்லாமல் எப்படிக் கூப்பிடுவார். அவருக்கோ கேலி தாங்கவில்லை. "சரி தாயி, ஊர்ல எவனுக்கும் இல்லாத பேரா வச்சிக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "வே, இன்னைக்கு உம்ம பேரு பறவைமுத்து," என்றார். பெண்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

கீழ்க்காற்றுக்கு எதிராக ஓடிக் குதித்தேன். வழக்கம் போலவே இறக்கம்தான். உடைமரங்கள் காலுக்கடியில் நெருங்கி வந்தபோது அழுகையே வந்துவிட்டது, இவ்வளவுதானா என்று. அப்போது காட்டுக்குள் இருந்து பேய்க்காற்று எழும்பியது. அண்ணாச்சி, "பறவைமுத்து, இடப்பக்கம் திருப்பும் வே," என்று கத்தியது கேட்டது. திருப்பினேன். றெக்கை ஒரு குலுக்கு குலுக்கியது, வார் தோளை வெட்டியது, பிறகு தரை கீழே போகத் தொடங்கியது. ஏறுகிறேன் என்று தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். என்னைச் சுற்றிப் பருத்திப் பஞ்சும் சருகும் கூடவே ஏறின. மேற்கே எங்கள் ஊர்க் கோபுரம் சுண்டுவிரல் அளவுக்குத் தெரிந்தது, அதற்கப்பால் மலை.

நம்பினால் நம்புங்கள், அங்கே மறுபடியும் கேட்டது. பறவைமுத்து. அண்ணாச்சி குரல்தான், ஆனால் அவர் கீழே புள்ளியாகக்கூடத் தெரியவில்லை. குன்றே பின்னால் போய்விட்டது. எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தேன், எதில் பட்டு எதிரொலிக்கும் என்றும் நினைத்தேன். பயம் வரவில்லை, ஆச்சரியமாகத்தான் இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு இன்னொரு சுற்று ஏறினேன். மூன்றாம் முறை கூப்பிட்டது. இந்தத் தடவை பதில் வந்தது. என் வலது காதுக்குப் பக்கத்தில், ஓர் இளவட்டக் குரல், "இந்தா வாரே..." என்றது. மீதி காற்றில் அறுந்துவிட்டது.

றெக்கையை ஓட்டுகிற கைக்கம்பியை நெஞ்சோடு இழுத்துக் காற்றை விட்டு வெளியே பாய்ந்தேன். எங்கே போகிறேன் என்று பார்க்கவில்லை, இறங்கினால் போதும் என்றிருந்தது. பெயர் தெரியாத ஒரு சின்ன ஊருக்கு வெளியே, பஞ்செடுத்து முடிந்து வெறும் பருத்திமார்க் குச்சிகள் நின்ற காட்டில் முட்டி தேய விழுந்தேன்.

வாரை அவிழ்ப்பதற்குள் ஓர் அம்மா ஓடிவந்தாள். ஐம்பது வயது இருக்கும், காலில் செருப்பில்லை. றெக்கையைக் கண்டு பயப்படவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அவன் எங்கய்யா?"

யாரைக் கேட்கிறீர்கள் என்றேன்.

"பறவைமுத்துன்னு மேல யாரோ கூப்ட்டாகள்லா. அவன் பதில் சொன்னாம்லா."

அவளுடைய மகனாம். ஊருக்கு அவன் மாரிமுத்துதான். சின்னப் பிள்ளையில் ஓர் இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பான் என்று அவள் ஒருத்தி மட்டும் பறவைமுத்து என்று கூப்பிடுவாளாம். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மதியம் காட்டுக்குப் போனவன் திரும்பவே இல்லை. என்ன பதில் சொன்னான் என்று கேட்டேன். மேலே என் காதில் விழுந்ததை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"இந்தா வாரேம்மான்னான்," என்றாள். "அன்னைக்கும் அதச் சொல்லிட்டுத்தாம் போனான்."

ஆகாயத்தில் எனக்குக் கேட்காமல் அறுந்துபோன மீதி, அந்த 'ம்மா'தான். அவள் சொல்லிக்காட்டியதும் அதே இழுவை, அதே குரல் ஏற்றம்.

அண்ணாச்சி மாட்டுவண்டி பிடித்து என்னைத் தேடி வரும்வரை அவள் அங்கேயே நின்றாள். எத்தனை தடவை கூப்பிட்டீர்கள் என்று அவரைக் கேட்டேன். கூப்பிட்டது ஒரே ஒரு முறைதான், அதற்குள் பேச்சியம்மாள் வந்து கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள் என்றார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "வாயில வந்துச்சு வே," என்றார். அவர் முகமும் சரியில்லை. அந்த வாரமே றெக்கையோடு ஊரை விட்டுப் போய்விட்டார். நான் அதன் பிறகு பறக்கவில்லை.

பேய் உண்டா என்று கேட்டால் இன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பங்குனி மதியத்தில் தெருவில் புழுதி சுழன்று வந்தால் மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். அன்றைக்கு எங்கள் வண்டி கிளம்பியபோது நான் திரும்பிப் பார்த்தேன், அந்த அம்மா இன்னும் அண்ணாந்தபடியே நின்றுகொண்டு, கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஒருவனிடம் சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், "மெதுவா எறங்குய்யா, அவுக போயிட்டாக."