ஆயிரம் அடியில் ஹெலன் சொல்லாத சொல்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.42 மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த விமானம் ஒன்று பெங்களூரில் இறங்கியது. 168 பயணிகள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சக்கரம் தரையைத் தொட்டதுமே பலரும் செல்பேசியை எடுத்துவிட்டார்கள். துணை விமானி ஹெலனின் கண் மட்டும் இன்னும் வேகம் காட்டும் கருவியிலேயே இருந்தது.

அப்போது அவளுக்கு வயது முப்பது. கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா குணசேகர் சுரங்க வாயில் நின்று ஆட்களைக் கூண்டில் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். 2001இல் சுரங்கத்தை மூடியதும் தினமும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூர் வந்து, ஒரு கம்பெனி வாசலில் பதினொரு வருஷம் காவல் நின்றார். பிறகு குடும்பமே எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்தது. ஹெலன் படித்து விமானி ஆனாள் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அதற்கு ஏழு வருஷம் ஆயிற்று.

இப்போது துணை விமானியாக 3,846 மணி நேரம் பறந்திருந்தாள். மார்ச் 5ஆம் தேதி கேப்டன் பதவிக்கான தேர்வுக் குழு அவளை அழைத்திருந்தது.

அவள் பெயரைக் குழுவுக்குப் பரிந்துரைத்தவர் கேப்டன் ஜெயவேலு. ஐம்பத்திரண்டு வயது, அவரும் தங்கவயல்காரர். கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். "சாப்ட்டியாம்மா?" என்று கேட்காமல் விமானத்தில் கால் வைக்கமாட்டார். மற்றவர்கள் முன்னால் ஹெலன் அவரை "சார்" என்பாள். விமானி அறைக் கதவு சாத்தியதும் "அண்ணே".

அந்த ஞாயிற்றுக்கிழமை விமானத்தை ஓட்டியவர் ஜெயவேலு. கருவிகளைக் கவனித்துக் குரல் கொடுக்க வேண்டியவள் ஹெலன். பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சு கூடாது என்பது விதி. ஊர்க்கதை அங்கே நின்றுவிட்டது. அதன் தொனி நிற்கவில்லை.

கட்டுப்பாட்டு அறை குறுக்கு வழி கொடுத்ததால் விமானம் இருக்க வேண்டியதைவிட உயரத்திலும் வேகத்திலும் இருந்தது. தரைக்கு ஆயிரம் அடி மேலே வரும்போது எல்லாம் கணக்கில் அடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால், ஓட்டாதவர் "அன்ஸ்டேபிள்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஓட்டுபவர் இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். ஏன் எதற்கு என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

1,800 அடியில் வேகம் 161 நாட். ஆயிரம் அடிக்குள் 138க்கு வந்தாக வேண்டும். ஹெலன் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் வேகமாப் போறோமோ?"

"பாத்துக்கலாம்மா, கொறஞ்சிடும்."

ஆயிரம் அடியில் 154. அவள் வாய் திறக்கவில்லை. ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து 1,100 மீட்டர் தள்ளித்தான் சக்கரம் தொட்டது. பாதை நான்காயிரம் மீட்டர் நீளமாக இருந்ததால் விமானம் நின்றது. குட்டையான பாதையாக இருந்திருந்தால் கதை வேறு.

புதன்கிழமை கடிதம் வந்தது. வேகமும் உயரமும் பதிவுக் கருவியில் இருந்தன. பாதுகாப்புப் பிரிவின் தலைவர் கேப்டன் சாய்கிருஷ்ணா, இருவரும் தனித்தனியே அறிக்கை எழுதி வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும் என்று கேட்டிருந்தார். யார் என்ன பேசினார்கள் என்பதற்கு மட்டும் சாட்சி இல்லை. குரல்பதிவு இரண்டு மணி நேரம்தான் தங்கும். பிறகு அதன் மேலேயே புதுப் பேச்சு ஏறிவிடும்.

அன்று மாலை ஜெயவேலு போன் செய்தார்.

"ஹெலன், நீ அன்ஸ்டேபிள்னு சொன்னேன்னு எழுது. நான் கேக்காம எறக்கிட்டேன்னு எழுதறேன்."

"நான் சொல்லலியே அண்ணே."

"எனக்குத் தெரியாதா? உனக்கு மார்ச்சுல கேப்டன் போர்டு இருக்கு. எனக்கு இன்னா, ரெண்டு மாசம் தரையில உக்கார வெப்பாங்க. நிம்மதியாத் தூங்குவேன்."

துணை விமானியின் எச்சரிக்கையை மீறி இறக்கினார் என்று எழுத்தில் வந்தால் இரண்டு மாதத்தோடு போகாது என்பது இருவருக்கும் தெரியும். மற்ற விமானிகளுக்குப் பயிற்சி தரும் அவருடைய தகுதியே போய்விடும். அது தெரிந்தும் அவர் சிரித்துக்கொண்டே பேசியதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை இட்லித் தட்டின் முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா ஆரோக்கியமேரி சட்னிக் கிண்ணத்தை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

குணசேகர் சட்டென்று சொன்னார்: "அவுரு சொன்ன மாதிரியே எழுதிடு. நம்ம ஊரு மன்சன், நல்லதுக்குத்தான் சொல்றாரு. போர்டு போச்சுன்னா திரும்பி எப்ப வரும்?"

"ஆறு மாசமோ, ஒரு வருஷமோ."

"அப்பறம் இன்னா யோசன?"

ஹெலன் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள். "நீ கூண்டுல ஆள ஏத்திட்டு மணி அடிப்ப. மேல எஞ்சின் ஓட்டறவரு அதே மணியத் திருப்பி அடிப்பாரு. இல்லியாப்பா?"

"ஆமா. திருப்பி வர்லன்னா கூண்ட நவுத்த வுடமாட்டேன்."

"நீயே அடிக்கல. கூண்டு போயிடுச்சு. அடிச்சேன், அவருதான் திருப்பி அடிக்கலன்னு எழுதுவியா?"

குணசேகர் தட்டைத் தள்ளி வைத்தார். "அத எப்டி எழுதறது?" என்றார். "பழி எஞ்சின் ஓட்டறவன் தல மேல போயிடும். கோளாறு என் பக்கத்துல. அது அப்டியே கெடக்கும்."

"ரெண்டு பேரும் கூண்டுலேர்ந்து எறங்குங்க. இட்லி ஆறுது," என்றார் ஆரோக்கியமேரி.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து விமான நிலையம் நகரத்தின் மறுகோடி. அன்று கம்பெனி கேப் மேம்பாலத்தில் ஏறியதும் ஹெலன் மடிக்கணினியைத் திறந்தாள். ஹெப்பால் தாண்டும்போது அறிக்கை முடிந்திருந்தது. மொத்தம் பதினாறு வரி. அவற்றில் நான்கு இவை:

"1,800 அடியில் வேகம் அதிகம் என்பதை நான் பார்த்தேன். ஆயிரம் அடியிலும் விதியில் உள்ள சொல்லைச் சொல்லவில்லை. அண்ணனிடம் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டேன். கேப்டனிடம் எனக்குப் பயம் இல்லை, அவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்தேன்."

அனுப்பிய பிறகுதான் ஜெயவேலுவுக்குப் போன் செய்தாள்.

"உள்ளத உள்ளபடி எழுதிட்டேன் அண்ணே. நீங்க உங்களோடத மாத்தி எழுதிக்கோங்க."

"பைத்தியக்காரி," என்றார் ஜெயவேலு. பிறகு, "நல்லவேள, நான் இன்னும் அனுப்பல," என்றார்.

மார்ச் 5 அழைப்பு ரத்தாயிற்று. இருவரையும் ஒன்றாகவே பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பினார்கள். தரையில் நிற்கும் பொய் விமானத்தில் நான்கு நாள், நாற்பத்தொரு இறக்கம். முதல் நாள் ஹெலன் "அன்ஸ்டேபிள்" என்றபோது குரல் பாதியில் உள்ளே போயிற்று.

ஜெயவேலு திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, கோயில்ல ஜெபம் பண்றியா? எனக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

"அன்ஸ்டேபிள்!"

"ஐயோ, காது போச்சு," என்று சொல்லிக்கொண்டே விமானத்தை மேலே ஏற்றினார்.

அவளோடு ஒன்றாக வேலையில் சேர்ந்த இருவர் அந்த மார்ச்சில் கேப்டன் ஆனார்கள். ஹெலன் அவர்களுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனாள். அவர்களில் ஒருவனுக்குப் பக்கத்தில், துணை விமானிக்கான வலது இருக்கையில் உட்கார்ந்து, ஜூலையில் மூன்று முறை அவன் கட்டளைக்குப் பறந்தாள். முகம் சுளித்ததாக யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 19, வியாழக்கிழமை. மறுபடி ஜெயவேலுவோடு, ஹைதராபாத்திலிருந்து பெங்களூர். மாலை 5.18. மழைமேகத்துக்குள்ளிருந்து வெளியே வந்தபோது பின்காற்று தள்ளியதில் வேகம் கூடிவிட்டது. ஆயிரம் அடிக்கு வந்தும் குறையவில்லை. ஓடுபாதை கண்ணெதிரே நேராக, ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிஷத்தில் வீடு.

"அன்ஸ்டேபிள்," என்றாள் ஹெலன். அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் எதுவும் சேர்க்கவில்லை.

"கோயிங் அரௌண்ட்," என்றார் ஜெயவேலு அந்த நொடியே. விமானம் மூக்கைத் தூக்கி ஏறியது. இன்னொரு சுற்று வந்து 5.34க்கு இறங்கினார்கள். பதினாறு நிமிஷத் தாமதம். இறங்கும் வாசலில் ஒரு பயணி, "ஏனு மேடம், லேண்டிங் மரெத்து ஹோய்தா?" என்று, இறங்குவது மறந்துபோச்சா என்ற அர்த்தத்தில், கன்னடத்தில் குத்தினார். "இல்ல சார், நெனப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு," என்றாள் அவள் தமிழிலேயே. அவருக்குப் புரிந்தது, சிரித்துவிட்டார்.

நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை தேர்வுக் குழு கூடியது. சாய்கிருஷ்ணாவின் முன்னால் பிப்ரவரி அறிக்கை இருந்தது.

"இத எழுதாம இருந்திருந்தா மார்ச்சுலயே கேப்டன் ஆகியிருப்பீங்க. வருத்தம் இல்லையா?"

"இருந்தது சார். ஜூலை வரைக்கும் நல்லாவே இருந்தது."

"நாளைக்கு உங்க பக்கத்துல உக்கார்ற பையன் உங்க மேல ரொம்பப் பிரியமா இருந்தா?"

"என்னை நிறுத்தணும்னா எந்த வார்த்தைன்னு கெளம்பறதுக்கு முன்னாடியே அவன் வாயால சொல்ல வெப்பேன் சார். சொல்ல வரலன்னா, வர்ற வரைக்கும் கெளம்பமாட்டேன்."

தேர்வானவர்கள் பட்டியல் 14ஆம் தேதி வந்தது. ஏழு பெயர். மூன்றாவது பெயர் ஹெலன் குணசேகர். முதலில் போன் செய்தவர் ஜெயவேலு.

"கேப்டன் மேடம்! ஒரு வருத்தமான விஷயம் தெரியுமா? இனிமே நம்மள ஒரே விமானத்துல போடமாட்டாங்க. ஒரு வண்டிக்கு ஒரு கேப்டன்தான்."

ஹெலனுக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. செல்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் பால்கனிக்கு வந்து நின்றாள்.

"சரி அண்ணே," என்றாள். "அப்ப ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வந்துடுங்க, அண்ணியையும் கூட்டிக்கிட்டு. தரையில எவ்வளவு வேணா பேசலாம்."