உம்மாவின் கடைசி விதைப்பு

இன்று கல்முனையில் வைக்கோல் ஏற்றிய லொறியொன்று என்னை உரசிக்கொண்டு போனபோது, அந்த ஈர வாசத்தோடு எங்கள் வயலும் வந்துவிட்டது. காவல் வாடியின் கிடுகுக் கூரை காற்றில் சலசலக்க, உம்மா தகரம் தட்டிக் குருவி விரட்ட, வாய்க்கால் தண்ணீர் வரம்போரம் முணுமுணுக்க, போகம் முழுதும் நாங்கள் அங்கேயே கிடப்போம். ஐம்பதுகளில் அரசாங்கம் அந்த வயலைக் கரும்புக்கென்று எடுத்துக்கொண்டது.

கதிர் பால்பிடித்திருந்தபோதே உழுது தள்ள ட்ராக்டர் வந்தது. வாப்பா முறையிட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போயிருந்தார். உம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ட்ராக்டருக்கு முன்னால் வரம்பில் உட்கார்ந்தார்.

"எழும்புங்க, இது இப்ப கவுண்மேந்துக் காணி," என்றார் கூடவந்த உத்தியோகத்தர்.

"பயிர் நான் வெதச்சது. வெட்டாம எழும்ப மாட்டன்."

பக்கத்து வயல் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். பொழுது சாய, ட்ராக்டர் திரும்பிப் போனது.

அறுத்தோம், சூடடித்தோம். காணி போகத்தான் போனது. தருவதாகச் சொன்ன மாற்றுக் காணி கிடைக்கவேயில்லை. ஆனால் நெல் ஏற்றிய வண்டி புறப்படுமுன் உம்மா விதைநெல்லை ஒரு கடகத்தில் அள்ளி, அறுத்த வயலெங்கும் வீசி விதைத்தார்.

"இனி ஏன் உம்மா?" என்று கேட்டேன்.

"கரும்பு நடுறண்டா, முதல்ல எங்கட நெல்லப் புடுங்கட்டும்."