கரித்தோணிக்குச் சீட்டு

பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் வெடிமருந்து ஆலை ஓடிய காலம் அது. தோணியில் வரும் மரக்கரியைக் கூடையில் சுமந்து ஆலைக்குக் கொண்டுபோவது எங்கள் வேலை. சுமப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. எந்தத் தோணிக்கு யார் போவது என்பதைச் சங்கத்து மேஸ்திரிதான் சொல்வார். அவர் வீட்டுச் சுவருக்கு மண் குழைத்தவர்களுக்கே வேலை கிடைத்தது.

என் அண்ணன் அவரை எதிர்த்தான். சங்கம் இரண்டாக உடைந்தது. கரையிலேயே கூடைகளால் அடித்துக்கொண்டோம். கடைசியில் அண்ணன் பக்கம் ஆள் கூடி, அவனே மேஸ்திரியானான். நான் குலவையிட்டேன்.

அதன்பிறகு தோணிகள் எங்கள் வீட்டு ஆட்களுக்கே வந்தன. பழைய மேஸ்திரி பக்கம் நின்ற ஒரு அக்காவுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவள் ஏரியில் இறங்கிக் கையால் நண்டு பிடித்துப் பிழைத்தாள். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

ஒரு மழைநாளில், தோணியில் ஏறப் போட்டிருந்த பலகை வழுக்கி, தோணிக்கும் கரைக்கும் நடுவே விழுந்தேன். கால் சேற்றில் புதைந்துவிட்டது. தோணி என் மேல் சாய்ந்தது. அருகில் நண்டு துழாவிக்கொண்டிருந்த அந்த அக்காதான் ஓடிவந்து, தோளால் தோணியைத் தாங்கிக்கொண்டு, என் முடியைப் பிடித்து இழுத்தாள்.

மூச்சு வந்ததும், "உன் தோணிய நான் எடுத்துக்கினேனே, என்னை ஏன்க்கா காப்பாத்துன?" என்றேன்.

"இன்னா கேள்வி இது? சாவட்டும்னு பாத்துக்கினு நிப்பாங்களா?" என்றாள். பிறகு, "தோணி கதைய எங்கிட்ட சொல்லாத. உங்கண்ணங்கிட்ட சொல்லு."

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்தேன். "ஏரியில வலை போடுற எடத்துக்குச் சீட்டு எடுக்குறாங்க இல்ல? தோணிக்கும் அப்பிடியே எடுக்கலாம்ணா."

அண்ணன் முகம் கறுத்தது. "கூடப் பொறந்தவளே இப்பிடிப் பேசுனா ஊரு இன்னா சொல்லும்?"

"நீ செஞ்சதத்தான் சொல்லும்."

முதலில் கை தூக்கியவர் பழைய மேஸ்திரி. அவருக்கு என்ன கணக்கோ, நான் கவலைப்படவில்லை. பின்னால் ஒவ்வொரு கையாக உயர்ந்தது.

அவரவர் குறி போட்ட ஓலை நறுக்குகளைப் பானையில் போட்டார்கள். முதல் தோணி யாரோ ஒரு கிழவருக்குப் போனது. அக்காவுக்கு மூன்றாம் நாள் வந்தது. எனக்கு வர வெகுநாள் ஆனது. அதுவரை வீட்டில் கஞ்சிதான்.

அண்ணன் என்னோடு பல மாதம் பேசவில்லை. ஆனால் பானையை அவன்தான் பிடித்தான். ஒருமுறைகூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. என்னை இழுத்துப் போட்ட கைக்கு நன்றி சொல்லும்போதெல்லாம், அவனுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.