மில்லிமீட்டரின் ஜீப்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் மில்லிமீட்டர். இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னல் திரையைக்கூட ஸ்கேல் வைத்து அளந்துதான் தொங்கவிடுவார். பிள்ளைகள் இல்லை. மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் அந்த அம்மாவைக் குளிப்பாட்டி உடம்பு பார்க்க நர்ஸாக நான் போவேன். மற்ற ஐந்து நாளும் அவரே பார்த்தார். குறை சொல்ல முடியாது, சுத்தமாகப் பார்த்தார்.

அந்த அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை. மலைமேல் இருக்கும் அக்காவை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன, இறங்கி வர முடியாது. மேலே போகும் பாதையில் கடைசி நாலு கிலோமீட்டர் மண்சரிவில் பெயர்ந்து கிடந்தது. கார் ஏறாது. ஆம்புலன்ஸ்காரரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். சகோதரிகள் தினமும் காலையில் போனில்தான் பேசிக்கொள்வார்கள்.

"யாராச்சும் தூக்கிட்டு வந்தா வாயேன்டி."

"போக்கா. மூட்டை மாதிரி வரமாட்டேன். உக்காந்துதான் வருவேன்."

வாய் குழறினாலும் அதைத் தெளிவாகத்தான் சொன்னாள். அடுப்படியில் நின்றிருந்த மில்லிமீட்டர் காதில் அது விழுந்தது. இரண்டே வாரத்தில், கல்குவாரிக்குப் பின்னால் செடி முளைத்துக் கிடந்த ஒரு பழைய ஜீப்பை லாரியில் கட்டி இழுத்து வந்தார். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்து ஷெட்டுக்குத் தள்ளிப் போய்க் காட்டினார்.

"என்னங்க இது, என்னை விட மோசமா இருக்கு?" என்று அவள் பாதி வாயால் சிரித்தாள்.

உண்மைதான். கால் வைக்கும் தகடு துருவில் உதிர்ந்து கீழே தரை தெரிந்தது. கியர்பாக்ஸைப் பிரித்து, ஒவ்வொரு பல்சக்கரத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பி வைத்தார். முன்சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கும் சின்ன லீவர் இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டு விட்டு, பத்து நாள் மெதுவாகத் தட்டினார். அது அசைந்த அன்று கிரீஸ் கையோடு படுக்கையறைக்கு ஓடி வந்து, "நகந்துடுச்சு!" என்றார். நான் அவரைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னேன்.

அடுத்தது இருக்கை. சலூன் நாற்காலி ஒன்றின் அடிப்பாகத்தை வாங்கி வந்து, வெளிப்பக்கம் திரும்பும்படி வண்டியில் பொருத்தினார். திரும்பியதும் ஜாக்கியில் கீழே இறங்கி, சக்கர நாற்காலியின் உயரத்துக்குச் சரியாக வந்து நிற்க வேண்டும். அவள் வழுக்கி மாறிக்கொள்ளலாம். யோசனையில் தப்பே இல்லை.

"வீல்சேர் ரெண்டு நாளைக்கு வேணும் சிஸ்டர். அளவு எடுக்கணும்."

அந்த இரண்டு நாள் ஐந்து மாதமானது. ஸ்பிரிங் பட்டையை மாற்றினால் வண்டி எட்டு மில்லிமீட்டர் உயரும், மறுபடி அளக்க வேண்டும். டயரை மாற்றினால் மறுபடி. நாற்காலி ஷெட்டிலேயே நின்றது. உட்கார வேண்டியவள் கட்டிலில் கிடந்தாள்.

கால்களை மடக்கி நீட்டிவிட வேண்டும், காலையும் மாலையும் இருபது தடவை என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். செய்த நாளுக்கு எதிரே அவர் டிக் போடுவார். முதல் மாதம் முழுக்க டிக் இருந்தது. அப்புறம் மாலையில் இல்லை. அப்புறம் காலையிலும் இல்லை. பொய்யாக ஒரு டிக்கும் அவர் போடவில்லை. கணக்கில் நேர்மையான மனுஷன்.

"அண்ணே, கால் விறைச்சுக்கிட்டு வருது. சேரை உள்ள கொண்டாங்க. தினம் ரெண்டு மணி நேரம் உக்கார வைக்கணும்."

"இந்த வாரம் முடிஞ்சிடும் சிஸ்டர். அப்புறம் தினம் வண்டியிலயே உக்காரப் போறா."

"வண்டிக்கு அளவு பாக்குறீங்க. ஆளுக்குப் பாத்தீங்களா?"

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

வண்டி முடிந்த அன்று காலை வெயிலில் வாசலில் நின்றது. பச்சைப் பெயின்ட், கண்ணாடி மாதிரி. இருக்கை சத்தமில்லாமல் திரும்பி இறங்கி, சக்கர நாற்காலிக்கு நேராக வந்து நின்றது. நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளி. அவளுக்கு நான் நல்ல புடவை கட்டிவிட்டிருந்தேன். அக்காவுக்குப் போனில் சொல்லியாயிற்று. இருவருமாக அவளைத் தூக்கினோம்.

இடது கால் இடுப்பிலும் மடங்கவில்லை, முழங்காலிலும் மடங்கவில்லை. கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. இருக்கையில் சாய்த்தால் சரிந்து விழப் போனாள். அவர் முழங்காலைப் பிடித்து அழுத்தினார். அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"விடுங்கண்ணே! எலும்பு போயிடும்!"

விட்டுவிட்டு நின்றார். டேப்பை எடுத்து இருக்கையை அளந்தார். அளவு சரியாகத்தான் இருந்தது.

"இந்தச் சீட்டைக் கழட்டிப் போடுங்க. பின்னாடி பலகை போட்டு மெத்தை விரிச்சுப் படுக்க வெச்சிடலாம். நான் கூட வரேன். இன்னிக்கே போயிடலாம்," என்றேன்.

"மூட்டை மாதிரியா? அவ என்ன சொன்னா, கேட்டீங்கல்ல?"

"அது அப்ப சொன்னது. இப்பக் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. சாய்மானத்தைப் படுக்கிற மாதிரி மாற்றிவிடுகிறேன், மூணு வாரம் போதும் என்று ஷெட்டுக்குள் போனார். அவள் என் கையைப் பிடித்து, "படுத்தே போறேனே" என்றாள். குழறலில் நான் ஒருத்திதான் புரிந்துகொண்டேன். ஷெட்டுக்குப் போய்ச் சொன்னேன். "மனசு விட்டுப்போய்ப் பேசுறா" என்று வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

இரண்டாவது வாரம் இடுப்புக்குக் கீழே தோல் கறுத்தது, பிறகு குழி விழுந்தது. படுக்கைப்புண். திருப்பிப் படுக்க வைத்தோம், கழுவிக் கட்டுப் போட்டோம். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. நாலு நாள் இருந்தாள்.

"முகமாச்சும் காட்டுங்க," என்று அக்கா போனில் கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டு வந்து நான் துடைத்து உடை மாற்றினேன். அதற்குள் அவர் இருக்கையைக் கழற்றினார். நாலு போல்ட்டு. கால் மணி நேரம் ஆகவில்லை. பின்னால் பலகையும் மெத்தையும் போட்டோம். அவள் நீளத்துக்கு இடம் தாராளமாக இருந்தது.

சரிவுப் பாதை வந்ததும் சின்ன லீவரைத் தள்ளினார். நாலு சக்கரமும் பிடித்துக்கொண்டன. ஒரு இடத்திலும் வண்டி திணறவில்லை. உடம்பு நகராதபடி நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அதற்கும் வேலை இருக்கவில்லை. அவ்வளவு பதமாக ஏறியது.

அக்கா கதவைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள். ஜீப்பின் பின்பக்கம் மெதுவாக நடந்து வந்து, தங்கையின் நெற்றியில் கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நல்லாத்தான் ஏறுது தம்பி, உங்க வண்டி."

அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். கழற்றிய நாலு போல்ட்டும் அதில் இருந்தன. அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு போல்ட்டிலும் பெயின்ட் கூட உரியவில்லை.